கவுன்டருக்கு அந்தப் பக்கம்

வங்கிக் கணக்கிலிருந்த பணத்தைப் பறிகொடுத்த ஒருவர் கிளைக்கு ஓடினால் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஓ.டி.பி. சொன்னீங்களா?" என்பதுதான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதோடு விசாரணை முடிந்தது. காவல் நிலையத்திலும் அதே கேள்வி. வீட்டுக்கு வந்தால் மகனும் மருமகளும் கேட்பதும் அதையேதான். 2025இல் சில மாதங்கள் யாரைப் போனில் அழைத்தாலும் மணி அடிக்கும் முன்பே சைபர் மோசடி எச்சரிக்கை ஒலித்தது. கிளையின் கண்ணாடிக் கதவிலும் ஏ.டி.எம். திரையிலும் ஓயாமல் வரும் குறுஞ்செய்திகளிலும் அதே எச்சரிக்கை. அறிவுரை நல்ல அறிவுரைதான். ஆனால் சொல்லிச் சொல்லி அது தீர்ப்பாக மாறிவிட்டது. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியவர் வாடிக்கையாளரே. அது வெளியே போயிருந்தால் அவர்தான் விட்டிருப்பார். இன்று படித்தவர்களும் பத்திரிகைகளும்கூடக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்ட கருத்து இது.

இந்தக் கருத்து சட்டத்தில் இல்லாதது, நடைமுறைக்கும் பொருந்தாதது. இதனால் நடக்கும் அநியாயம் பெரிது என்பதால்தான் இதை எழுதுகிறேன். வங்கியில் ஒருவரைப் பற்றிய தகவல் எவ்வளவு இருக்கிறதோ அதில் ஓ.டி.பி.யும் பின் நம்பரும் மிகச் சிறிய பகுதி. மற்றதெல்லாம், அதாவது பெயர், பிறந்த தேதி, வாரிசு நியமனம், இருப்பு, சம்பளம், கடன், அடகு வைத்த நகையின் எடை, எஃப்.டி. முதிரும் நாள், யாருக்குச் செக் கொடுத்தார் என்பது எல்லாம், கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதைப் பார்க்கவும் அச்சிடவும் சொல்லவும் முடிந்தவர் ஊழியர். அதைக் காக்கும் கடமையைச் சட்டம் வைத்திருப்பதும் அவர் மீதும் அவருடைய வங்கியின் மீதும்தான்.

"ஓ.டி.பி. சொன்னீங்களா?" என்று கேட்பவர்கள் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்பதில்லை. அழைத்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? "அம்மா, உங்க எஃப்.டி. வர்ற பதினெட்டாம் தேதி முடியுது, ரினியூ பண்ணணும்" என்று ஒரு குரல் கிளையின் பெயரையும் தொகையையும் சரியாகச் சொன்னால் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்? அந்தத் தேதி அவருக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரிந்த ஒன்று. அவர் ஓ.டி.பி.யைச் சொன்னது கடைசிப் படி. அதற்கு முன்னால் இருந்த படிகளில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

எல்லா மோசடியும் வங்கிக்குள்ளிருந்து கிளம்புகிறது என்று நான் சொல்லவில்லை. குத்துமதிப்பாக ஆயிரம் பேருக்கு அழைத்து ஒருவரைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த ஆதார் நகலிலிருந்து தொடங்கும் மோசடியும் உண்டு. ஆனால் உள்ளிருந்து கசிவது கற்பனையல்ல. 2021 அக்டோபரில், வெளிநாடு வாழ் இந்தியர் ஒருவரின் கணக்கிலிருந்து பணம் எடுக்க முயன்றதாக டெல்லி காவல்துறை 12 பேரைக் கைது செய்தபோது அவர்களில் மூவர் ஒரு பெரிய தனியார் வங்கியின் ஊழியர்கள். 2025 மே மாதம், காயின்பேஸ் என்ற அமெரிக்க கிரிப்டோ நிறுவனம், வெளிநாட்டிலுள்ள தன் வாடிக்கையாளர் சேவை முகவர்கள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் விவரங்களை விற்றுவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் 69,461 பேர். அங்கே திருடப்பட்டது கடவுச்சொல் அல்ல. பெயர், முகவரி, இருப்பு, பரிவர்த்தனை விவரம். "நிறுவனத்திலிருந்து பேசுகிறோம்" என்று நம்பவைக்க அவ்வளவு போதும். 2016 அக்டோபரில் இந்திய வங்கிகள் ஏறக்குறைய 32 லட்சம் டெபிட் கார்டுகளை முடக்கவோ மாற்றவோ நேர்ந்ததே, அப்போது எந்த வாடிக்கையாளர் எதை யாரிடம் சொன்னார்? ஏ.டி.எம். சேவை நடத்திய நிறுவனமொன்றின் கணினியமைப்பில் புகுந்த தீநிரல்தான் காரணம்.

தவறு வாடிக்கையாளருடையதே என்ற இந்தக் கருத்து ஒருமுறை சென்னையிலேயே விசாரணைக்கு வந்திருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்த, வளைகுடாவில் வேலை செய்துவந்த ஒருவர் 2007இல் வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலுக்குப் பதில் எழுதி லட்சக்கணக்கில் இழந்தார். கடவுச்சொல்லைக் கொடுத்தது அவர்தானே, எங்களுக்கென்ன என்றது வங்கி. பணம் போய்ச் சேர்ந்ததும் அதே வங்கியின் இன்னொரு கணக்குக்குத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தீர்ப்பளிக்கும் அதிகாரம் பெற்ற தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் 2010 ஏப்ரலில் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். இந்த உத்தரவு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் ஊர்க் கிளைகளின் சுவரில் எத்தனையோ அறிவிப்புகள் ஒட்டியிருக்கின்றன; இப்படி ஓர் உத்தரவு வந்தது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் அறிவிப்பை நான் பார்த்ததில்லை.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையும் பொதுவில் நம்பப்படுவதைச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைப் பகிர்ந்ததால் நஷ்டம் வந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது என்று அது சொல்கிறது. இந்தப் பாதியை எல்லா வங்கிகளும் மனப்பாடமாகச் சொல்லும். வங்கியின் பங்களிப்போ கவனக்குறைவோ குறைபாடோ இருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியைச் சேர்ந்தது. இந்த மறுபாதியும் அதே சுற்றறிக்கையில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், துணி வாங்கிய இணையக் கடையிலிருந்து கசிந்த விவரத்தை வைத்துக்கொண்டு ஒருவரை அழைத்து, செயலி ஒன்றைப் போனில் ஏற்றவைத்து 94,000 ரூபாய்க்குமேல் எடுத்துவிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய பொதுத்துறை வங்கி கடைசிவரை மேல்முறையீட்டுக்குப் போனது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது; பணத்தை வங்கி கொடுக்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளரும் விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அதை யாரும் மறுக்கவில்லை. விழிப்பு அவருடைய கடமை என்பதால் வங்கியின் கடமை தள்ளுபடியாகிவிடாது என்பதே விஷயம்.

இனி அந்தக் கடமைக்கு வருகிறேன். இது இன்று நேற்று வந்ததல்ல. 1920களின் தொடக்கத்தில் லண்டனில் டூர்னியே என்ற விற்பனையாளர் தன் வங்கிக்கு ஒன்பது பவுனும் சில்லறையும் பாக்கி வைத்திருந்தார். வாரம் ஒரு பவுன் கட்டுவதாக எழுதிக் கொடுத்தவர் மூன்று தவணைக்குப் பிறகு நிறுத்திவிட்டார். கிளை மேலாளர் அவருடைய முகவரியைக் கேட்பதற்காக அவர் வேலை செய்த நிறுவனத்துக்குப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, ஆள் வங்கிக்குக் கடன்பட்டிருக்கிறார், அவருக்கு வந்த ஒரு செக் பந்தயக்காரர் ஒருவரிடம் போயிருக்கிறது, சூதாடுகிறார் போலிருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 1924இல் வெளியான மேல்முறையீட்டுத் தீர்ப்பு, வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லாமலிருப்பது வங்கிக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்தத்தின் எழுதப்படாத நிபந்தனை என்று உறுதி செய்தது. விலக்கு நான்குதான்: சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுமக்களுக்கான கடமை என்றால், வங்கியின் சொந்த நலனைக் காக்க வேண்டியிருந்தால், வாடிக்கையாளர் சம்மதித்தால். கணக்கை மூடிவிட்டாலும் கடமை முடிவதில்லை. இன்றுவரை இந்திய நீதிமன்றங்களும் இந்தத் தீர்ப்பிலிருந்தே தொடங்குகின்றன.

அந்த வழக்கில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்று உண்டு. டூர்னியேவின் கணக்கிலிருந்து ஒரு பென்னிகூடத் திருடுபோகவில்லை. எந்தக் கடவுச்சொல்லும் கசியவில்லை. அவர் இழந்தது வேலையை, மதிப்பை. வங்கி ரகசியம் என்ற கடமை பிறந்ததே பணத்திருட்டைத் தடுப்பதற்காக அல்ல. ஒரு மேலாளரின் வாயைக் கட்டுவதற்காக. இதை மறந்துவிட்டு, பணம் போனால் மட்டுமே அந்தரங்கம் மீறப்பட்டதாக எண்ணத் தொடங்கியதுதான் நாம் செய்த பெரிய பிழை.

இந்தியாவில் இந்தக் கடமை எழுத்திலும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் பாரத ஸ்டேட் வங்கிச் சட்டம் 44ஆம் பிரிவும், 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானதைத் தொடர்ந்து வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் வாடிக்கையாளர் விவகாரங்களை வெளியிடக் கூடாது என்று வங்கிக்கு ஆணையிடுகின்றன. அதோடு நிற்கவில்லை. இயக்குநர் முதல் கடைநிலை ஊழியர்வரை ஒவ்வொருவரும் வேலையில் சேரும் முன் நம்பகத்துக்கும் ரகசியக் காப்புக்குமான உறுதிமொழியில் தனித்தனியே கையெழுத்திட வேண்டும் என்கின்றன. பணிநியமன நாளில் நீட்டப்படும் கட்டுக் காகிதங்களோடு அதுவும் ஒன்றாகப் போய்விடுகிறது. எத்தனை ஊழியர்கள் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருப்பார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சட்டம் அந்தப் பொறுப்பை நிறுவனம் என்ற முகமற்ற ஒன்றிடம் மட்டும் விட்டுவிடவில்லை. பெயரும் கையெழுத்தும் உள்ள மனிதரிடம் வாங்கியிருக்கிறது.

2004இல் உச்ச நீதிமன்றம் ஹைதராபாத் மாவட்டப் பதிவாளருக்கும் கனரா வங்கிக்கும் இடையிலான வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆந்திர அரசு முத்திரைத்தாள் சட்டத்தைத் திருத்தி, வங்கிக்குள் புகுந்து ஆவணங்களைப் பார்க்க ஆட்சியர் யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று வைத்திருந்தது. ஆவணத்தை வங்கியிடம் கொடுத்துவிட்ட பிறகு அதில் வாடிக்கையாளருக்கு அந்தரங்கம் ஏது என்ற வாதம், 1976ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பொன்றின் பலத்தோடு வந்தது. நம் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தரங்கம் மனிதரைச் சேர்ந்தது, இடத்தைச் சேர்ந்தது அல்ல; காகிதம் வங்கியின் அலமாரிக்குப் போனதால் உரிமை வங்கிக்குப் போய்விடாது என்று சொல்லித் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவிப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே வந்த தீர்ப்பு இது.

இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒரு கூட்டம் தோளைக் குலுக்கும். "இந்தக் காலத்துல எதுதாங்க ரகசியம்? ஆதாரும் பேனும் எல்லா இடத்துலயும் கிடக்குது. கணக்குல இருக்கிறது தெரிஞ்சா என்ன குடியா முழுகிப்போயிடும்?" மற்ற எல்லாவற்றையும்விட இந்த வாதத்தின் மேல்தான் எனக்குக் கோபம். இது வசதியானவர்களின் வாதம். தன் கணக்கு விவரம் தெரிந்தால் தனக்கு ஒன்றும் ஆகாது என்ற நிலையில் இருப்பவர்தான் இதைச் சொல்ல முடியும்.

ஒரு சிற்றூர்க் கிளையை எண்ணிப் பாருங்கள். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களின் கணக்குக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அது அவர்கள் கணக்கு, அவர்கள் பணம். மாதத்தின் நடுவில் கணவர் வந்து கவுன்டரில் கை ஊன்றிக்கொண்டு, "நம்ம வீட்டம்மா கணக்குல ஏறிடுச்சாண்ணே?" என்று கேட்கிறார். "ஏறிடுச்சுப்பா, போன மாசத்ததையும் எடுக்காம வச்சிருக்காங்க." கேட்டவரும் தெரிந்தவர், சொன்னவரும் நல்லவர். அதில் ஒரு குற்றம் நடந்தது என்று அங்கே நின்ற யாருக்கும் தோன்றாது. அன்று மாலை மதுக்கடைக்குப் போகப் பணம் கேட்டு வீட்டில் என்ன நடக்கும் என்பதை அந்த ஊழியர் பார்க்கப் போவதில்லை. மகளிர் குழுவில் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமிக்கும் பெண்களுக்கு, வீட்டில் தெரியாமல் இருப்பதே அந்தச் சேமிப்பின் ஒரே பாதுகாப்பு. மகள் பெயரில் போட்ட பணம் எவ்வளவு என்று அவள் மாமனார் தெரிந்துகொண்டால் என்ன ஆகும்? சாதி மாறித் திருமணம் செய்துகொண்டு வேறு ஊரில் வாழும் பெண் எந்த ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தாள் என்று அவளுடைய அண்ணனுக்கு யாரோ ஒருவர் கிளையிலிருந்து சொன்னால் என்ன ஆகும்? கணினித் திரையில் இது ஒரு வரி. வெளியே அது உயிர்.

நகைக்கடனும் அப்படித்தான். அடகுக்கடை மார்வாடியிடமிருந்து வங்கிக்கு மக்கள் வந்ததற்கு வட்டி மட்டும் காரணமல்ல, கடைத்தெருவில் நிற்க வேண்டியதில்லை என்பதும் காரணம். பெண்ணுக்கு வரன் பேசும் நேரத்தில் "அவங்க நகையெல்லாம் பேங்க்லதான் இருக்கு" என்ற ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பது நம் ஊர்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். நகை மதிப்பீட்டாளரும் வங்கியின் கண்ணும் காதும்தான். அவர் பெரும்பாலும் அதே ஊரின் பொற்கொல்லர். அவரும் ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவரே.

டூர்னியேவின் மேலாளர் அன்று செய்ததை இன்று வசூல் முகவர்கள் தொழிலாகவே செய்கிறார்கள். அலுவலகத்துக்குப் போன், சொந்தக்காரர்களுக்குப் போன், எதிர்வீட்டில் நின்று சத்தம். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கடன்காரரின் குடும்பத்தார், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவதையும் பொது இடத்தில் அவமானப்படுத்துவதையும் தடைசெய்தது. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு என்றும் சொன்னது. தங்கள் நலனைக் காக்கத்தானே செய்கிறோம் என்று வங்கிகள் அந்த நான்கு விலக்குகளில் மூன்றாவதைக் காட்டுவது வழக்கம். 2006இல் சென்னை உயர் நீதிமன்றமேகூட கடன் கட்டாதவரின் படத்தைச் செய்தித்தாளில் வெளியிடுவதில் தவறில்லை என்று தீர்ப்பளித்தது. மரியாதையோடு சொல்கிறேன், அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. கடனை வசூலிக்க நீதிமன்றமும் தீர்ப்பாயமும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டமும் இருக்கும்போது, மானத்தைப் பிணையாக வைத்துக்கொள்ளும் உரிமை எந்த ஒப்பந்தத்திலும் வங்கிக்குக் கொடுக்கப்படவில்லை. 2016இல் ரிசர்வ் வங்கி படம் வெளியிடுவதை, வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்கள் அளவில் நிறுத்தியது. அந்தக் கோடு முதலிலேயே போடப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது வங்கி ஊழியர்களின் தரப்பு. தொழிற்சங்க நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன். ஆள் பற்றாக்குறை. காலையில் திறந்தது முதல் மூடும்வரை டோக்கன் வரிசை. மேலிடத்திலிருந்து இன்ஷூரன்ஸ் விற்கச் சொல்லி டார்கெட். எஃப்.டி. முதிரும் கணக்குகளின் பட்டியலைக் கிளைக்கு அனுப்பி, இவர்களைக் கூப்பிட்டு பாலிசி பேசுங்கள் என்று சொல்வதே வட்டார அலுவலகம்தான். கே.ஒய்.சி. ஆவணத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதும் அவர்களே. இதில் கிளார்க்கைப் பிடித்து உள்ளே போடச் சொல்வதா என்று கேட்கிறார்கள்.

இந்த வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கணக்குத் தொடங்க வாங்கிய தகவலை வேறு பொருள் விற்கப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு வாடிக்கையாளரின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதிகளே சொல்கின்றன. ஆகவே மேலிடம் அனுப்பும் அந்தப் பட்டியலே பல இடங்களில் விதிமீறல். அப்படியென்றால் சங்கம் செய்ய வேண்டியது, நாங்கள் கருவிகள் மட்டுமே என்று ஒதுங்குவதல்ல. எங்களிடம் வாங்கிய உறுதிமொழிக்கு எதிரான உத்தரவை நிறைவேற்ற மாட்டோம் என்று எழுத்தில் சொல்வது. அந்த உறுதிமொழி ஊழியரைக் கட்டுவதோடு அவரைக் காக்கவும் வல்லது. அந்தக் காகிதத்தை வைத்து மேலதிகாரியை மறுத்த ஊழியரின் பக்கம் சட்டமும் பொதுமக்களும் நிற்பார்கள். சம்பளத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் எத்தனையோ வேலைநிறுத்தங்களை வெற்றிகரமாக நடத்திய சங்கங்கள், வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை ஒரு கோரிக்கையாகக்கூட முன்வைத்து நான் கேட்டதில்லை.

இன்னொன்று. ஒருவருடைய பயனர் எண்ணையும் கடவுச்சொல்லையும் இன்னொருவர் பயன்படுத்துவது நம் கிளைகளில் புதிய செய்தி அல்ல. அதிகாரி உணவுக்குப் போனால் அவர் கணினியில் பக்கத்து இருக்கைக்காரர் ஒப்புதல் கொடுக்கிறார். ஒப்பந்தப் பணியாளருக்குத் தனி எண் கிடையாது, ஆகவே யாருடையதோ ஒன்று. வாடிக்கையாளர் ஓ.டி.பி.யைப் பகிர்ந்தால் மன்னிக்க முடியாத கவனக்குறைவு என்கிறோம். ஊழியர் தன் கடவுச்சொல்லைப் பகிர்ந்தால் அது வேலை நடக்க வேண்டிய அவசரம் என்கிறோம். ஓ.டி.பி. ஒரு கணக்கைத் திறக்கும். ஊழியரின் கடவுச்சொல், கோர் பேங்கிங் வந்த பிறகு, நாட்டின் எந்த மூலையிலுள்ள கிளையின் கணக்கையும் திறந்து காட்டக்கூடியது. எது பெரிய பொறுப்பு என்று இதைப் படிக்கும் ஒவ்வொரு வங்கி ஊழியரும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊழியரின் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஊழியரைக் காட்டி வங்கி தப்பிக்கும் வழி நம் சட்ட வரலாற்றில் இருக்கிறது. 1978இல் பாரத ஸ்டேட் வங்கிக்கும் சியாமா தேவி என்பவருக்கும் இடையிலான வழக்கில், வாடிக்கையாளரின் கணவர் நண்பரான வங்கி ஊழியரிடம் கணக்கில் கட்டும்படி பணமும் செக்கும் கொடுத்தார், ஊழியர் கையாடிவிட்டார். அவர் அதை வாங்கியது நண்பர் என்ற முறையில், வங்கிப் பணியின் போக்கில் அல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வங்கியை விடுவித்தது. 2022இல் அஞ்சலகச் சேமிப்புப் பத்திர வழக்கில் அதே நீதிமன்றம், ஊழியர் பணியின்போது செய்த மோசடிக்கு அஞ்சல் துறையே பொறுப்பு என்று தெளிவாக்கியது நல்ல திருப்பம். தகவல் விஷயத்தில் பழைய வழக்கின் நிழல் விழவே கூடாது. ஒருவரின் கணக்கு விவரம் ஊழியருக்குக் கிடைத்தது வங்கிக் கணினியின் வழியாக மட்டுமே. டீக்கடையில் நின்று சொன்னாலும் அது பணியின் வழி கிடைத்த தகவல்தான். வங்கி முதலில் ஈடு கொடுக்கட்டும், பிறகு ஊழியரிடம் கணக்குக் கேட்கட்டும். வாடிக்கையாளர் இருவருக்கும் நடுவில் அலைய வேண்டியதில்லை.

கடுமையான ரகசியச் சட்டம் ஊழலை மறைக்கும், உள்ளிருந்து உண்மை சொல்பவரைச் சிறைக்கு அனுப்பும் என்ற எதிர்ப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. மலேசியத் தமிழர்களுக்கு இது தெரிந்த கதை. அரசு நிதி பெற்ற கால்நடைத் திட்டமொன்றின் பணம் எங்கே போனது என்று காட்டும் வங்கி விவரங்களை வெளியிட்ட அரசியல்வாதி ரஃபிஸி ரம்லிக்கு 2018 பிப்ரவரியில் முப்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலையானார். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம், பொதுநலனுக்காகச் சொல்வதைச் சட்டம் பெயர் சொல்லி விலக்க வேண்டும் என்பதே. டூர்னியே தீர்ப்பின் இரண்டாவது விலக்கு அதற்காகவே இருக்கிறது. பொதுப் பணம் போன வழியைச் சொல்வதும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் இருப்பைச் சொல்வதும் ஒன்றாகாது.

வங்கிகளுக்கு ரகசியம் காக்கத் தெரியாது, இத்தனை கோடிக் கணக்கில் அது நடக்காது என்பவர்களுக்குத் தேர்தல் பத்திரங்களை நினைவூட்டுகிறேன். 2018ஆம் ஆண்டின் அந்தத் திட்டம், பத்திரம் வாங்கியவர் விவரத்தை அதை விற்ற வங்கி ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றது. நீதிமன்றம் கேட்கும்வரை ஆண்டுக்கணக்கில் அது காக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்துசெய்து விவரம் கேட்டபோதும், ஜூன் 30வரை அவகாசம் வேண்டும் என்று வங்கி மனுப்போட்டது. நீதிமன்றம் மறுத்து மார்ச் 12க்குள் கொடுக்கச் சொன்ன பிறகே பட்டியல் வெளிவந்தது. வங்கி தன் கடமை என்று நினைத்ததைச் செய்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த உறுதியில் ஒரு பங்கு, கவுன்டரில் நிற்கும் பெண்ணின் ஆயிரம் ரூபாய்க்கும் உரியது.

சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றை அடைக்க வேண்டிய நேரத்தில் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறோம். பொதுத்துறை வங்கி ஊழியருக்கான அந்த உறுதிமொழிப் பிரிவு போன்ற ஒன்று தனியார் வங்கி ஊழியருக்கு வங்கிச் சட்டத்தில் இல்லை. அங்கே ஒப்பந்தமும் பழைய தீர்ப்புகளும் ரிசர்வ் வங்கி உத்தரவுகளும்தான். பொதுத்துறையிலும், உறுதிமொழியை மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு மூன்றாண்டுவரை சிறை என்கிறது. ஆனால் கெட்ட நோக்கத்தையோ, நஷ்டம் வரும் என்று தெரிந்தே சொன்னதையோ நிரூபிக்க வேண்டும். டீக்கடைப் பேச்சு அதில் சிக்காது. சிங்கப்பூரில் வங்கிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு ஊழியரைத் தனியாகவே குற்றவாளியாக்கி மூன்றாண்டுவரை சிறை வைக்கிறது. அங்கே வங்கித் தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பெரிய வெற்றியாகப் பேசுகிறார்கள். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்ற எண் எல்லாத் தலைப்புச் செய்திகளிலும் வந்தது. அந்தப் பணம் யாருக்கு? இந்திய அரசின் தொகுநிதிக்கு. தகவல் கசிந்து வாழ்க்கை குலைந்தவருக்கு ஒரு ரூபாய் இழப்பீடு தரும் வழி அந்தச் சட்டத்தில் இல்லை. அதற்கு முன் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் அந்த வழி இருந்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவையே நீக்குகிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியப் பிரிவுகள் பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்போது இந்த நீக்கமும் சேர்ந்து வரும். கடமை முழுவதும் நிறுவனத்தின் பெயரில். விவரத்தை எடுத்த ஊழியரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொய்ப் புகார் கொடுக்கும் குடிமகனுக்கு 10,000 ரூபாய்வரை அபராதம் மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் இழப்பீட்டுரிமையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பொதுத்துறை, தனியார், கூட்டுறவு, ஒப்பந்தப் பணியாளர், வங்கித் தொடர்பாளர், நகை மதிப்பீட்டாளர் என்று வேறுபாடில்லாமல் வாடிக்கையாளர் திரையைத் தொடும் எல்லோருக்கும் ஒரே உறுதிமொழி, மீறினால் படிநிலைப்படி தண்டனை என்று எழுத வேண்டும்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கோர் பேங்கிங் அமைப்பில் எந்த ஊழியர் எண் எப்போது எந்தக் கணக்கைத் திறந்தது என்பது பதிவாகிறது. யாரோடெல்லாம் தகவல் பகிரப்பட்டது என்று கேட்கும் உரிமையைப் புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் தரும். உள்ளே யார் பார்த்தார்கள் என்று கேட்கும் உரிமையைத் தராது. ஆனாலும் கேட்கலாம். உங்கள் எஃப்.டி. தேதியைச் சொல்லி யாராவது அழைத்தால், பணம் போயிருந்தாலும் போகாவிட்டாலும், கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்புகை வாங்குங்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை என் கணக்கைப் பார்வையிட்ட ஊழியர் எண்கள் எவை, ஒவ்வொருவரும் எந்த வேலைக்காகப் பார்த்தார்கள், என் தகவலை வேறு விற்பனைக்குப் பயன்படுத்த நான் எப்போது எழுத்தில் சம்மதித்தேன், அதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. "ஓ.டி.பி. சொன்னீங்களா?" என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள். பிறகு உங்கள் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் அந்த நாற்காலியை விட்டு எழாதீர்கள்.